கடல் தெரியாத கடற்கரை ஊர்

செண்டாய் நகரத்தில் காலை 7.40க்கு ரயில் என்றால் 7.40க்குத்தான் ரயில். நாகர்கோவில் சந்திப்பில் ஆயுள் முழுக்க நின்று நின்று நான் சேர்த்து வைத்திருந்த பொறுமை அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

மகன் ஜெபின் அந்த ஊரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். மூன்று வருடம் ஜப்பான் மொழி பேசிப் பேசி, எங்களிடம் பேசும்போதும் பாதி வாக்கியத்தில் தலையைத் தாழ்த்துகிறான். ஏப்ரல் கடைசியில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் டிக்கெட் போட்டுக் கூப்பிட்டிருந்தான். ஜப்பானுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஃபூஜி மலைக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்புவார்கள். நானும் அதற்கென்றே ஒரு கோட்டு வாங்கியிருந்தேன். இவனோ எங்களை வடக்கே, யாரும் பெயர் கேட்டிராத ஒரு கடலோரத்துக்கு ரயிலேற்றினான்.

"ஃபூஜிய எப்பம்லே காட்டுவ?"

"அது மேகத்துக்குள்ள கிடக்குப்பா. இது நல்ல இடம். வாங்க."

மொரியோகாவுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. ஆளுக்கு ஆறாயிரத்துச் சொச்சம் யென். அங்கிருந்து மியாகோவுக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரம். வழி முழுக்க மலை, ஒரு ஆறு, அங்கங்கே பாதி பூத்த மரங்கள். பேருந்தில் ஒரு குரல் கிடையாது. என் மனைவி ரோஸ்லின் அச்சுமுறுக்கை ஒடித்த சத்தத்துக்கு முன்னிருக்கைப் பெரியவர் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார். அவள் வெட்கப்பட்டு, மிச்சத்தை வாயில் ஊறவைத்துத் தின்றாள். திற்பரப்புக்குப் போகும் பேருந்தில் இப்படி ஒரு அமைதியைக் கேட்டால் நடத்துனர் இறங்கி டயரைப் பார்ப்பார்.

பகல் 12 மணிக்கு ஜோதோகஹாமா. வெள்ளைப் பாறைகள் கடலுக்குள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் தலையிலும் பைன் மரம். மணல் இல்லை, வெள்ளைக் கூழாங்கல். அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. தோவாளைப் பக்கத்துக் குளம் மாதிரி கிடக்கிறது தண்ணீர். அழகான இடம்தான், மறுப்பதற்கில்லை. தலைக்கவசம் மாட்டிச் சின்னப் படகில் ஒரு குகைக்குள் கூட்டிப்போகிறார்கள். நானும் ஜெபினும் போய்வந்தோம். ரோஸ்லின் கடலுக்கு முதுகைக் காட்டிப் பெஞ்சில் உட்கார்ந்து, வாகனம் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீடு சுசீந்திரத்துக்குப் பக்கம். சொத்தவிளைக் கடற்கரை பத்து கிலோமீட்டருக்குள். 2004இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலை நாலு மணிக்கே ஆராதனை. நேற்றுத்தான் தூக்கத்தைக் கெடுத்துக் கோவிலுக்குப் போயாயிற்றே, இன்றைக்கு ஒருநாள் கர்த்தர் பொறுத்துக்கொள்வார் என்று சொன்னவன் நான். ரோஸ்லின் ஒத்துக்கொள்ளவில்லை, அவள் கோவிலுக்குப் போனாள். நாலு வயது ஜெபினையும், அவள் தங்கை ஷீபாவையும், ஒரு டப்பா முந்திரிக்கொத்தையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு நான் சொத்தவிளைக்குப் போனேன். ஷீபாவுக்குப் பத்தொன்பது வயது. எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கடல் உள்வாங்கியபோது அவள் சிப்பி பொறுக்க இறங்கினாள். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஓடினேன்.

"விளிச்சேன். அவ காதுல விழல்ல" என்று அன்றைக்கு ரோஸ்லினிடம் சொன்னேன். நம்பினாளா என்று இருபத்தொரு வருடமாக எனக்குத் தெரியாது. அதன்பிறகு அவள் கடலைப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் முந்திரிக்கொத்தும் செய்ததில்லை.

மதியம் 2.10க்கு மியாகோவிலிருந்து ஒற்றைப்பெட்டி ரயில். இருபது நிமிடத்தில் தாரோ என்ற ஊர். கடற்கரை ஊர் என்கிறார்கள். இறங்கிப் பார்த்தால் கடலே தெரியவில்லை. எதிரே ஒரு சுவர், வானம் பாதிக்கு. முன்பு இங்கே பத்து மீட்டர் உயரச் சுவர் இருந்ததாம். உலகத்திலேயே பெரியது என்று பார்க்க ஆட்கள் வருவார்களாம். 2011இல் கடல் அதைத் தாண்டி வந்து ஊரைத் துடைத்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் அதன் முன்னால் இன்னும் பெரிதாக ஒன்று கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கரையில் நாலு கருங்கல்லைக் கொட்டினார்கள், ஒரு நினைவுத்தூண் வைத்தார்கள். வருடத்தில் ஒருநாள் அதற்கு மாலையும் கிடைக்கும்.

ஒரு பழைய ஹோட்டலை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். கீழ் இரண்டு தளங்களில் சுவர் கிடையாது, துருப்பிடித்த இரும்புத் தூண்கள் மட்டும். மேலே ஜன்னல் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. சுற்றிக்காட்ட ஒரு அம்மாள் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, நீலச் சட்டை, கையில் சின்ன ஒலிபெருக்கி. எங்களைச் சுவர்மேல் ஏற்றினார். அப்போதுதான் கடல் தெரிந்தது. ரோஸ்லின் முதல்முறையாகத் திரும்பி அதைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

அம்மாள் பேச, ஜெபின் தமிழில் சொன்னான்.

"நெலம் ஆடுனா யாரையும் காத்து நிக்காத, யாரையும் தேடிப் போவாத, தனியா மலைக்கு ஓடுன்னு இங்க சின்னப் பிள்ளைகளுக்கே சொல்லிக் குடுக்காவ. அம்மையும் அப்பனும் அவியவிய ஓடியிருப்பாவன்னு நம்பணுமாம். தேடிப் போனா ரெண்டு உயிரும் போயிரும்."

அம்மாள் தன் கதையையும் சொன்னார். அவருடைய தாயார் வீட்டில் இருந்தாராம். இவர் வீட்டுக்குத் திரும்பாமல் மலைக்கு ஓடினாராம். தாயார் வரவில்லை. ஊரில் ஒருவர்கூட அதற்காக இவரை ஒரு சொல் சொன்னதில்லையாம்.

ஊரில் மாமியார் வீட்டார் என்னைச் சொல்லாத சொல் இல்லை. கல்யாணவீட்டில் பந்தியில் என் பக்கத்து இலை காலியாகக் கிடந்திருக்கிறது. அதே காரியத்தை இங்கே பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ரோஸ்லினைப் பார்த்து, "கேட்டியா?" என்றேன்.

அம்மாள் இன்னும் முடிக்கவில்லை. தொடர்ந்து ஏதோ சொல்லி, கையை வாய்க்குப் பக்கத்தில் குவித்துக் காட்டினார். ஜெபின் தரையைப் பார்த்தான்.

"என்ன மக்களே சொல்லுகாவ?" என்றாள் ரோஸ்லின்.

"தனியா ஓடணும். ஆனா..." என்று இழுத்தான். "விளிச்சுக்கிட்டே ஓடணும். 'ஓடுங்க, ஓடுங்க'ன்னு சத்தம் போட்டுக்கிட்டு. அதக் கேட்டு மத்தவங்க ஓடுவாங்க. இவங்களும் வீட்டுல இருந்த அம்மைக்குக் கேக்கிற மாதிரி கூவிக்கிட்டுத்தான் ஓடுனாவளாம்."

காற்று பலமாக அடித்தது. ஃபூஜிக்காக வாங்கிய கோட்டுக்குள்ளும் எனக்குக் குளிர்ந்தது.

"நீங்க விளிச்சியளா?" என்றாள் ரோஸ்லின். வீட்டில் பால் வாங்கியாச்சா என்று கேட்பாளே, அதே குரலில்.

இருபத்தொரு வருடம் தயாராக இருந்த பதில் வாய்க்குள்ளேயே இருந்தது. பையன் பக்கத்தில் நின்றான்.

"இல்ல" என்றேன். "வாயத் தொறக்கல்ல."

"தெரியும்" என்றாள். "பிள்ள அன்னைக்கே சொன்னான். 'அப்பா சித்திய விளிக்கல்லம்மா, நான்தான் விளிச்சேன்'ன்னு. உங்க தோள்ல கிடந்து பொறத்தால கடலப் பாத்துக்கிட்டு வந்தவன் அவன்தானே. ஒருநா நீங்களே சொல்லுவியன்னு நெனச்சேன்."

நான் ஷீபாவை அழைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. நான் அழைக்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். நின்று திரும்பிக் கூப்பிட ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியை நான் கொடுக்கவில்லை. பையனுக்காக என்று பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டேன். பையன் தோளில் இல்லாவிட்டாலும் அப்படித்தான் ஓடியிருப்பேன்.

மாலை 4 மணிச் சுமாருக்குத் திரும்பும் ரயில். ரோஸ்லின் ஜன்னலோரம் கண்ணை மூடியிருந்தாள். நான் ஜெபினிடம் மெதுவாகக் கேட்டேன்.

"தெரிஞ்சுதான் இங்க கூட்டிட்டு வந்தியா?"

"போன வருஷம் கம்பெனியில கூட்டிட்டு வந்தாங்கப்பா. ஒத்தைக்கு ஓடணும்னு சொன்னதக் கேட்டப்போ, இத அப்பா கேட்டா கொஞ்சம் ஆறுதலா இருக்கும்னு தோணிச்சு. மத்தது அவங்க அன்னைக்கு சொல்லல்ல."

"நீ தமிழ்ல சொல்லாம விட்டிருக்கலாமேலே. எங்களுக்கு என்ன தெரியும்?"

"விட்டிருக்கலாம்" என்றான் மகன். வழக்கம்போலத் தலையைத் தாழ்த்தினான்.

ஊர் திரும்பியதும் எல்லாரும் ஜப்பான் எப்படி என்றார்கள். ரயில் நேரத்துக்கு வருகிறது, தெருவில் குப்பை இல்லை, சாப்பாட்டில் உப்பு காரம் கிடையாது என்றேன். போய்வந்தவர்கள் எல்லாரும் சொல்வதுதான்.

அடுத்த ஞாயிறு கோவில் முடிந்ததும் ரோஸ்லின், "சொத்தவிளைக்குப் போவோம்" என்றாள். அதே வழியில் போனோம். சுவர் இல்லை. ஓடுகிறவனுக்கு வழி காட்ட ஒரு பலகை இல்லை. அங்கே ஓடி ஏற மலையும் இல்லை. பலூன்காரர், ஐஸ்காரர், கரைக்குப் பக்கத்தில் கால் நனைக்கும் பிள்ளைகள். ரோஸ்லின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர் வரைக்கும் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"இப்ப விளியுங்க" என்றாள்.

"என்னா?"

"அன்னைக்கு விளிக்கல்லல்லா. இப்ப விளியுங்க. நான் கேக்கேன்."

பக்கத்தில் ஒரு குடும்பம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் நகரட்டும் என்று காத்திருந்தேன். அவர்கள் நகர்ந்தார்கள். வாயைத் திறந்தேன். ஷீபா, இரண்டே எழுத்து, வெளியே வரவில்லை. ரோஸ்லின் கடலைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, என்னைக் கூப்பிடாமல், சாலையை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.