ஜெயராணி அக்காவின் கடைவாய்ப் பல்

ஜெரோம் செய்த பற்கள் எத்தனை வாய்களில் மென்றுகொண்டிருக்கின்றன என்று அவருக்கே தெரியாது. ஆவூர்க்காரர். புதுக்கோட்டையில் ஒரு மாடியறையில் பல் லேப் வைத்திருக்கிறார். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து மெழுகில் பல் செதுக்கி, உலோகத்தை உருக்கி ஊற்றி, பல்லின் மேல் மாட்டும் கேப் செய்து கொடுப்பது தொழில். அதிகம் பேசமாட்டார். உலோகத்தைப் பற்றிக் கேட்டுவிட்டால் மட்டும் நிறுத்தமாட்டார். கேப் உலோகத்தில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் நிக்கல், இருபதை ஒட்டிக் குரோமியம், மிச்சம் மாலிப்டினமும் சில்லறைச் சாமான்களும். எச்சிலும் புளியும் பட்டுத் துருப்பிடிக்காமல் காப்பது குரோமியம். நிக்கலையும் குரோமியத்தையும் எண்பதுக்கு இருபதாகச் சேர்த்துக் கம்பியாக இழுத்தால் கரண்ட் அடுப்பில் சிவக்கிற சுருள்கம்பி.

"ரெண்டும் சொந்தக்காரங்கதாங்க. ஒண்ணு சோறாக்கும், ஒண்ணு மெல்லும்" என்பார்.

நிக்கல் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதும் அவருக்குத் தெரியும். அக்கா ஜெயராணிக்குச் சின்ன வயதில் கவரிங் கம்மல் போட்டாலே காது சீழ் பிடிக்கும். காதோட்டை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சியோடுதான் பள்ளிக்கூடம் போவார். கவரிங்கில் இருந்ததும் இந்த நிக்கல்தான்.

போன ஆகஸ்டில் அக்காவின் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை நடந்தது. கேப்பைத் தம்பிதான் செய்வான் என்று டாக்டரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார். அக்காவுக்கு உலோக அலர்ஜி ஏதும் உண்டா என்று டாக்டர் போனில் கேட்டதற்கு, இல்லை என்றார் ஜெரோம். நிக்கல் இல்லாத கோபால்ட் உலோகம் இருக்கிறது. ஆனால் அதைத் தேய்த்தெடுப்பதற்குள் கை கழன்றுவிடும். ஒரு பல்லுக்காக யார் மல்லுக்கட்டுவது? சோம்பல், வேறொன்றுமில்லை.

முதல் வாரமே அக்காவின் வாய் எரிந்தது, பிறகு புண்ணானது. டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். அக்கா மிளகாயை விட்டார், கோயில் பாடற்குழுவையும் விட்டார். ஜெரோமுக்குக் காரணம் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. ஞாயிறுதோறும் இளநீர் வாங்கிக்கொண்டு போனார். செய்த பாவத்துக்கு இளநீர் பரிகாரம்! ஏழு மாதம் குற்ற உணர்ச்சி அவரைத் தின்றது.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இருவரும் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். அக்காவுக்குத் தயிர்ச்சோறு. அதுவும் எரிந்தது.

"இந்த எரிச்சல ஆண்டவருக்கு வேண்டுதலா ஒப்புக்கொடுத்துட்டேன் தம்பி. ஒனக்காகத்தான். நாள் பூரா உலோகத் தூசியில கெடக்குற, ஒன் நெஞ்சுக்கு ஒண்ணும் வந்துரக்கூடாது" என்றார்.

ஜெரோம் தட்டைத் தள்ளி வைத்தார்.

"நான் செஞ்ச கேப்பாலதாங்க்கா எரியுது. ஒனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன்."

அக்காவின் கை தானாகக் காதுக்குப் போனது. குரல் உயரவில்லை.

"வேப்பங்குச்சி சீவிப் போட்டுவிட்டது நீதானேடா."

மறுநாள் கேப்பைக் கழற்ற இருவரும் பஸ் ஏறினார்கள். அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்காகச் செய்த வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொள் என்று ஜெரோம் மெல்லச் சொன்னார்.

"ஒப்புக்கொடுத்தத எப்படிடா திரும்ப வாங்குறது? அது ஒனக்குத்தான்" என்றார் அக்கா.