தெக்ளாவின் கப்பல் முட்டை

தெக்ளாவுக்குத் தெரிந்த உக்ரேனிய வார்த்தைகள் நாற்பது தேறினால் அதிகம். அதில் பாதி ஜெபம், மீதி வசவு. இருந்தும் பிரேசிலின் பரானா மாநிலத்தில், உக்ரேனியர் குடியேறிய அந்தச் செம்மண் ஊரில் யார் அசல் உக்ரேனியர், யார் கலப்படம் என்று தீர்ப்புச் சொல்வது அவள்தான். யாரும் அவளைக் கேட்டதில்லை.

ஈஸ்டர் காலையில் கோயில் முற்றத்தில் உணவுக் கூடைகளை வட்டமாக வைப்பார்கள். பாதிரியார் தீர்த்தம் தெளித்ததைச் சாப்பிட்டுத்தான் நோன்பை முடிக்க வேண்டும். தெக்ளா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடை கூடையாக மோப்பம் பிடிப்பாள்.

மருமகள் இவோனே உக்ரேனிய ரத்தம் இல்லாத பிரேசில்காரி. ஆறு வருடமாக அவள் கூடைக்கு வேலியோரம்தான் இடம். அங்கே தீர்த்தம் எட்டாது. இந்த வருடம் அவள் மகள் கேட்டுவிட்டாள்: "நம்ம கூடைக்கு மட்டும் ஏம்மா தெளிக்க மாட்டேங்கிறாங்க?"

இவோனே கன்னியர் மடத்துக்குப் போய் ஈஸ்டருக்கான பின்னல் ரொட்டி சுடக் கற்றுக்கொண்டாள். கூடையை நேராக வட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்தாள்.

தெக்ளா அதைக் காலால் தள்ளினாள். "வேலிப் பக்கம் வைடி."

"நானே பிசைஞ்ச ரொட்டி அத்தை."

"கை யாரோடது, அதச் சொல்லு. இதப் பாத்தியா?" மெழுகால் கோலம் எழுதிச் சாயம் ஏற்றிய, அவிக்காத முட்டையைத் தூக்கிக் காட்டினாள். "எங்க கொள்ளுப்பாட்டி கப்பல்ல மடியில வச்சுக் கொண்டாந்தது. உங்க பரம்பரையில இப்படி ஒண்ணு உண்டா?"

சொன்ன மிதப்பில் முட்டையைத் தன் கூடையில் பட்டென்று வைத்தாள். அது வெடித்தது. ரொட்டி, வெண்ணெய், தெக்ளாவின் பூத்தையல் சட்டை எல்லாவற்றிலும் கரும்பச்சைக் குழம்பு. நாற்றம் முற்றம் முழுக்கப் பரவியது.

பக்கத்துவீட்டு மெலானியா மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "நூறு வருஷ முட்டைன்னா உள்ள காஞ்சு போயிருக்கும், ஆட்டினா கடகடங்கும். இப்படி நாறுதுன்னா மூணு நாலு வருஷத்து முட்டை. எந்தச் சந்தையில வாங்கின?"

"கப்பல்ல வந்ததுதான்," என்றாள் தெக்ளா, தாடையில் குழம்பு வழிய.

யாரும் சிரிக்கவில்லை. வருடா வருடம் அந்த முட்டையைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டவர்கள் எந்த முகத்தோடு சிரிப்பார்கள்? நாற்றத்துக்கு எல்லாரும் பின்வாங்கியதில் வட்டமும் கலைந்தது. பாதிரியார் அவசரமாகத் தெளித்த தீர்த்தத்தில் இவோனேயின் கூடை நனைந்தது, மகளும் நனைந்தாள்.

அன்று வீட்டில் தீர்த்தம் பட்ட உணவு அந்த ஒரு கூடைதான். தெக்ளா மூன்று துண்டு ரொட்டி தின்றாள். "உப்புப் பத்தல," என்றாள்.

இவோனே நாலாவது துண்டை வெட்டினாள். "அடுத்த வருஷமும் கப்பல் முட்டை வேணும்னா சொல்லுங்க அத்தை. அவிச்சுத் தரேன்."

தெக்ளா காதில் விழாத மாதிரி தட்டை நீட்டினாள்.