பென்சில் இல்லாத டிராயிங் பீரியட்

டிராயிங் டீச்சர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, பாடக்குறிப்பை நன்றாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது காலை வாரிவிடும் நாளும் வரும். எனக்கு வந்த நாளைச் சொல்கிறேன்.

அறுபதுகளில் பம்பாய் தாராவியில் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் நான் டெம்ப்ரவரி டிராயிங் டீச்சர். மாதுங்காவிலிருந்து நடந்தே போய்விடுவேன். ஆறாம் வகுப்புக்கு வாரத்தில் இரண்டு பீரியட். அதைப் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுத்துவிடலாமா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. பீரியட் போனால் நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான். எனக்கு அந்த வேலையும் பிடிக்கும், அந்த வகுப்பும் பிடிக்கும்.

அவர் வருகிற நாள் சரஸ்வதி பூஜையாக அமைந்தது. எங்கள் பள்ளிக்கு லீவு மறுநாள் தசராவுக்குத்தான். முந்தின நாள் பிரேயரில் ஹெட்மாஸ்டர், "நாளைக்கு இன்ஸ்பெக்டர் வர்றார். எல்லாரும் பென்சில், கலர்ப்பெட்டி எல்லாத்தையும் சாமிகிட்ட வெச்சு நல்லா கும்பிட்டுட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் சொன்ன சொல் தட்டவில்லை. வைத்தார்கள், கும்பிட்டார்கள், வெறுங்கையை வீசிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

"பென்சில் எங்கேடி?" என்று முதல் பெஞ்ச் இசக்கியம்மாளைக் கேட்டேன். வகுப்பிலேயே வாய் ஓயாதவள் அவள்தான்.

"பூசையில இருக்கு டீச்சர். விஜயதசமிக்குத்தான எடுக்கணும்? இன்னைக்குத் தொட்டா படிப்பு வராதுல்லா!"

அவளை என்ன சொல்ல? என் பிரஷ்களுக்கே அம்மா சந்தனம் வைத்துப் பூஜையில் சாத்தியிருந்தாள். சாக்பீஸாவது கிடைக்கும் என்று ஹெட்மாஸ்டர் ரூமுக்கு ஓடினேன். சாக்பீஸ் டப்பா சாமந்தி மாலை போட்டுக்கொண்டு சரஸ்வதி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

"பூஜையில வெச்சதை எடுக்கச் சொல்றீங்களேம்மா!" என்றார். "மத்த கிளாஸ்ல வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிட்டேன். நீங்களும் எதையாவது ஒப்பிக்க வைங்க."

டிராயிங்கை எப்படி ஒப்பிப்பது? எரிச்சலோடு வெளியே வந்தேன். பள்ளியைச் சுற்றிலும் தோல் பட்டறைகளும் தையல் கடைகளும். ஆயுத பூஜை என்பதால் எல்லாரும் கழுவிப் பெருக்கி, கழிவை வாசலில் குவித்திருந்தார்கள். பிள்ளைகளை விட்டு அள்ளிவரச் சொன்னேன். தோல் துண்டு, துணி வெட்டு, தகர மூடி, சணல் எல்லாம் வகுப்புக்குள் வந்து குவிந்தது.

"இது வரையறதுல சேருமா டீச்சர்?" என்றாள் இசக்கி சந்தேகமாக.

"சேராதுடி, படிப்பெல்லாம் போயிடாது. இது வெறுமனே அடுக்கறது. ஒரு முகத்தை நன்னாப் பார்த்து அடுக்குங்கோ."

சொல்லி வாய் மூடவில்லை, இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். மராத்திக்காரர். வழுக்கைத் தலை, வட்டக் கண்ணாடி, அடர்ந்த மீசை, இறுகிய வாய்.

"பென்சில் கிதர் ஹை?" என்றார்.

பூஜையில் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். "பூஜா தோ கல் ஹை!", பூஜை நாளைக்குத்தானே என்று முறைத்தார். அவர்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை தசராவன்றுதான். நான் சாக்குச் சொல்கிறேன் என்று முடிவுகட்டி நாற்காலியில் சாய்ந்தார்.

பிள்ளைகள் அவரையே உற்றுப் பார்த்தார்கள். பிறகு தரையில் உட்கார்ந்து வேலையில் இறங்கினார்கள். பழுப்புத் தோலில் முகம் வந்தது. இரண்டு தகர மூடி கண்ணாடியாயிற்று. சணலைப் பிரித்து மீசை வைத்தார்கள். தலைக்கு ஒன்றும் வைக்கவில்லை, அதுவும் சரியாகவே இருந்தது. அது யாருடைய முகம் என்று எனக்குப் புரிந்தபோது, தடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது.

வாசலில் எட்டிப் பார்த்த ஹெட்மாஸ்டர், "போச்சு!" என்று தலையில் கை வைத்தார். இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து குனிந்தார். அடுத்த மாதம் எந்தப் பள்ளியில் வேலை கேட்பது என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

"முஹ் கிதர் ஹை?" என்றார். வாய் எங்கே என்று கேட்கிறார். உண்மைதான், மீசைக்குக் கீழே ஒன்றுமில்லை. சிவப்புத் துணி ஒன்று இசக்கியின் கைக்குள் கசங்கிக்கொண்டிருந்தது.

"ஏன்டி வைக்கலை?" என்றேன்.

"எப்பிடி டீச்சர் வைக்க? அவுக இன்னும் சிரிக்கவே இல்லல்லா?" என்றவள், என் ஹிந்திக்குக் காத்திராமல் அவரிடம் நேரே திரும்பினாள். "சாப், ஆப் ஹஸேகா தோ ரக்கேகா!" நீங்கள் சிரித்தால் வைக்கிறேன் என்று பேரம்.

மனுஷர் தொப்பை குலுங்கச் சிரித்தார். இசக்கி சட்டென்று குனிந்து துணியை வளைத்து வைத்துவிட்டாள். அவரும் தரையில் குந்தி, இன்னும் கொஞ்சம் சணல் எடுத்துத் தன் மீசையைப் பெரிதாக்கிக்கொண்டார். போகும்போது ஹெட்மாஸ்டரிடம், கணக்குக்கு வேறு பீரியட் பார்க்கச் சொன்னார்.

மறு வருஷம் நான் பர்மனென்ட் ஆனேன். பாடக்குறிப்பு எழுதுவதை விடவில்லை. ஆனால் அன்றைய முகத்தைப் போல அதில் வாய்க்கு மட்டும் இடம் விட்டே வகுப்புக்குள் போவேன். அதை வைக்க வேண்டியவர்கள் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள்.