கல்லும் வண்டியோடு சேர்த்தி

அன்று அங்கே நின்றது நாலு பேர். நான். என் மனைவி. எங்களோடு வேலை செய்த மன்னார்த் தம்பி. வண்டியை விற்ற சிசிலிக் கிழவர்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஓகஸ்ட் மாதம். இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோ நகரம். மொன்றியாலே ஊருக்குப் போகிற பக்கம், கிழவரின் வீடு இருந்த ஏற்றமான ஒரு தெரு. வண்டி என்றால் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளே உள்ள வீட்டு வண்டி. பழையது. நான் வாங்கிய முதல் வாகனம்.

மனைவி தன் அக்காவைக் கண்டு ஒன்பது வருடம். அக்கா ஜெர்மனியில். லிபெர்த்தாத் தெருவில் நாங்கள் வேலை செய்த வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, விடுமுறைக்குக் கடற்கரைப் பக்கம் போனதால் மூன்று கிழமை லீவு. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு ஏறிப் போகிற ஜெனோவாக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. இந்த முறை விட்டால் பிறகு எப்போது என்று தெரியாது.

கிழவர் சாவியைத் தந்தார். முன் சில்லுக்குக் கீழே கிடந்த பெரிய கல்லைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்கு இத்தாலியன் குறைவு. தம்பிதான் சொன்னான்.

“கல்லும் வண்டியோடை சேர்த்தியாம் அண்ணை.”

பகிடி என்று நினைத்து நானும் சிரித்தேன்.

வேறு இடம் இல்லாததால் வண்டியை அங்கேயே விட்டு மூன்று நாள் சாமான் ஏற்றினோம். மெத்தை, அரிசி, இடியப்ப உரல். மனைவி பழைய சேலையில் யன்னலுக்குத் திரை தைத்தாள். சனிக்கிழமை காலை சண்டை வந்தது.

“புது வீட்டுக்குப் பால் காய்ச்ச வேணும்” என்றாள்.

“இது வாகனம். சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைக்க வேணும்.”

“வாகனத்துக்குள்ளை ஆரும் அடுப்பு வைப்பினமோ?”

“வீட்டுக்குச் சில்லு இருக்குமோ?”

தம்பி வேதக்காரன், கிறிஸ்தவன். “ரெண்டையும் செய்து துலையுங்கோ. நான் ஒரு செபம் சொல்லிவிடுறன்” என்றான்.

அவள் உள்ளே போய்ப் பால் வைத்தாள். நான் கை பிரேக்கை இழுத்தேன். இழுபட்டது; பிடித்துவிட்டது என்று நினைத்தேன். இறங்கி, சில்லுக்கு ஒன்றாக நாலு தேசிக்காய் வைத்தேன். சிசிலி எலுமிச்சை கைக்குள் அடங்காது. முன் சில்லில் கல் இடைஞ்சல். பக்கத்தில் நின்று இழுத்து எடுத்தேன்.

நாலு தேசிக்காயும் ஒன்றாக நசிந்தன. வண்டி போய்விட்டது.

பின்னால் ஓடினேன். உள்ளே இருந்து சத்தம்.

“இஞ்சேருங்கோ! பால் பொங்க முந்தி ஏன் வண்டியை எடுத்தனீங்கள்?”

“நான் இஞ்சை ஓடி வாறன்!”

“அப்ப ஆர் ஓட்டுறது?”

தம்பி செபத்தை உரக்கச் சொல்லிக்கொண்டு என்னை முந்தினான்.

வண்டி கீழே நிரம்பிக் கிடந்த குப்பைத் தொட்டிகளில் முட்டி நின்றது. முன் விளக்கு ஒன்று உடைந்தது. கதவைத் திறந்தேன். அவள் அடுப்பை நிறுத்திவிட்டு வெறும் சட்டியோடு இருந்தாள். நல்ல காலம், பால் சூடேறவில்லை. தம்பி மூச்சு வாங்க எட்டிப் பார்த்தான்.

“அக்கா, பால் எந்தப் பக்கம் பொங்கினது?”

“எல்லாப் பக்கமும்.”

கிழவர் இரண்டு கையாலும் கல்லைச் சுமந்துகொண்டு இறங்கி வந்தார். முன்பு சொன்னதையே சொன்னார். இந்த முறை சிரிக்கவில்லை. தம்பி மொழிபெயர்க்கவும் இல்லை.

வண்டியைக் கராஜுக்குக் கொண்டுபோனபோது, கராஜ்காரர் ஓகஸ்ட் லீவுக்குக் கடையைப் பூட்டப் போகிற நேரம். விளக்கை மாற்றித் தந்தார். கால் பிரேக் நல்லது என்றார். கை பிரேக் சாமான் செப்டெம்பரில்தான் வருமாம். மனைவி கல்லைத் துடைத்துப் படுக்கைக்குக் கீழே வைத்தாள்.

மறுநாள் கப்பல் ஏறினோம். ஜெர்மனியில் அக்காவும் தங்கையும் தெருவில் நின்று கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் சில்லுக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது யாராவது சிரித்துக்கொண்டு ஒன்று சொன்னாலும், திரும்ப ஒருதரம் கேட்டுக்கொள்கிறேன். போய்வர அந்தக் கல்லை எத்தனை தரம் வைத்தேன் என்று மனைவி எண்ணி வைத்திருக்கிறாள்.

அறுபத்திரண்டு.