தேசிகன் வீட்டு டிவி பாயிண்ட்

தேசிகனை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனாலும் செங்கல்பட்டில் அவர் வீட்டு மாடியில் பதினோரு வருடம் குடியிருந்தேன். கல்பாக்கம் போகிற ஆபீஸ் பஸ் அந்தத் தெருமுனையில் நிற்கும், அது ஒன்றுதான் காரணம். தேசிகன் அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பரிண்டெண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஃபைலையும் தன் மேஜையைத் தாண்ட விட்டதில்லை என்று அவரே பெருமையாகச் சொல்வார். வீட்டையும் அப்படித்தான் வைத்திருந்தார்.

எண்பத்தாறில் கட்டிய வீடு. "ஒரு ஒயர் கண்ணுல படாது சார், எல்லாம் சுவத்துக்குள்ள" என்று வருகிறவன் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவார். கூடத்தில் டிவிக்குப் பின்னால் இரண்டு ஓட்டை சாக்கெட். அதிலிருந்து பட்டை ஒயர் சுவருக்குள்ளேயே ஏறி மொட்டைமாடி ஆண்டெனாவுக்குப் போகும். தெருவே கேபிளுக்கு மாறிய பிறகும் அவர் மாறவில்லை. கேபிள் வைத்த குடும்பம் உருப்படாது என்பார். சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து கிரிக்கெட் பார்ப்பார்.

கொஞ்சம் காற்றடித்தால் ஆண்டெனா திரும்பிக்கொள்ளும். இவர் மாடியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு "தெரியறதா?" என்று கத்துவார். கீழே டிவி முன்னால் நிற்கும் மனைவி ரமா, "இல்லே... இப்பவும் புள்ளிதான்... ஆங், வந்துடுத்து" என்பார். வந்ததும் இவர் இறங்கி வந்து சாய்வு நாற்காலியில் விழுவார். ரமா தளிகையுள்ளுக்குப் போய்விட வேண்டும். அந்த வீட்டில் சமையலறைக்கு அதுதான் பெயர். தோசை ஒவ்வொன்றாக, சூடாக வர வேண்டுமே. படம் தெரியாத வரைக்கும்தான் அந்த அம்மாளுக்கு டிவி.

மற்றதெல்லாம் காதால் கேட்டதுதான். மாடிப்படியில் ரமா என் மனைவியை நிறுத்தி, "அந்த சீரியல்ல மாமியாராப் பேசறாளே, அவ ஒல்லியா, குண்டா?" என்று கேட்பார். நானும் யோக்கியன் இல்லை. சொந்தமாக டிவி வாங்கும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து, ரமா கொண்டுவந்த காபியைக் குடித்துக்கொண்டே படம் பார்த்தவன்தான். நீங்களும் உட்காருங்கள் என்று நான் அவரிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

தளிகையுள்ளில் ஒரு டிவி பாயிண்ட். ரமாவுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். வீடு கட்டும்போதே கேட்டாராம். "முனிசாமி முடியாதுன்னுட்டான், ஆவி பட்டா ஷாக் அடிக்குமாம்" என்று தேசிகன் சொல்லிவிட்டார். முனிசாமி அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்த எலக்ட்ரீஷியன். அப்புறமும் ஃபேன், மோட்டார் என்று எத்தனையோ தடவை வந்து போனார். தபால்காரருக்குக்கூட காபி கொடுக்கிற ரமா, அவருக்கு மட்டும் ஒரு வாய் மோர் கொடுத்ததில்லை. தளிகையுள்ளுக்குள் அவர் கால் வைக்கவும் கூடாது, அது தேசிகன் உத்தரவு. அங்கே பல்பு போனால் தேசிகனே ஸ்டூல் போட்டு ஏறுவார். மடி, ஆசாரம் என்றுதான் நானும் நினைத்தேன்.

இரண்டாயிரத்து ஏழில், சிறுசேரியில் வேலை பார்த்த மகன் ஹர்ஷவர்தன் புது டிவியும் டிஷ்ஷும் வாங்கி அனுப்பினான். பட்டை ஒயர் அதற்கு உதவாது, உருண்டை கேபிள் வேண்டும். முனிசாமி வந்தார். ஒரு ஸ்க்ரூகூடத் திருகத் தெரியாத தேசிகன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மேற்பார்வைக்கு உட்கார்ந்தார்.

"பழைய டிவி சும்மாத்தானே கிடக்கப் போறது. உள்ளே ஒரு லைன் போட்டா..." என்றார் ரமா.

"சுவத்தை உடைக்கச் சொல்றியா? என் சுவத்துல உளி படப்படாது."

ரமா உள்ளே போனார்.

பழைய ஒயரின் நுனியில் புது கேபிளைக் கட்டி, மறுமுனையில் இழுத்தால் போதும். பழையது வெளியே வர, புதியது பின்னாலேயே வந்துவிடும். மாடியில் நின்று நான் இழுத்தேன். இறங்கி வந்தபோது முனிசாமி சாக்கெட் பெட்டிக்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"இன்னா ஐயரே, இன்னொரு லைன் கீதே."

"ஐயர் இல்லே, ஐயங்கார். அது வேஸ்ட். மூடு."

"வேஸ்டா? உள்ள அம்மாவுக்குன்னு நான் இஸ்துக்கினு போன லைனாச்சே." முனிசாமி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மா, அங்க ஒரு டிவி பாயிண்ட் வச்சேனே, சாக்கெட்டு கீதா பாரு."

ரமா வாசற்படிக்கு வந்தார். "நீதானே முடியாதுன்னே?"

"நானா? பெட்டி வச்சி, ஒயரும் உட்டுட்டுத்தான் போனேன். அப்பால பூசச் சொன்னது யாருன்னு ஊட்டுக்காரர கேளு."

தேசிகன் கடிகாரத்தைப் பார்த்து, "நாழியாறது" என்றார். முனிசாமி அந்த ஒயரைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டி இழுத்தார். தளிகையுள்ளில் காலண்டர் ஆடியது. பின்னாலிருந்து காரை பொலபொலவென்று உதிர்ந்தது. ரமா போய் காலண்டரைக் கழற்றினார். துருப்பிடித்த பெட்டி ஒன்று, அதற்குள் சுருட்டி வைத்த பட்டை ஒயர். அடுப்புக்கு எதிரே, நின்றபடி தோசை வார்த்தால் நேராகக் கண்ணில் படுகிற உயரத்தில் இருந்தது.

"உன் நல்லதுக்குத்தான்" என்றார் தேசிகன். "டிவி பார்த்துண்டே இருந்தா சாதம் குழைஞ்சு போயிடும்."

இருபத்தோரு வருடப் பொய்க்கு அவரிடம் இருந்த காரணம் இது.

"பத்து நிமிசம்மா, புது கேபிள் உட்டுர்றேன்" என்றார் முனிசாமி.

"வேண்டாம்." ரமா ஒரு டம்ளர் காபியோடு வந்து அவர் கையில் கொடுத்தார். "உன்னை இத்தனை வருஷம் தப்பா நெனச்சுட்டேன். அந்தப் பெட்டியைப் பூசிடாதே. திறந்தே கிடக்கட்டும்."

எட்டு மணிக்குப் புது டிவியில் படம் வந்தபோது சாய்வு நாற்காலியில் ரமா உட்கார்ந்திருந்தார். "இவளா அவ? ஒல்லியாத்தான் இருக்கா" என்றார், யாரிடமும் இல்லாமல்.

தேசிகன் நின்றுகொண்டிருந்தார். அந்தக் கூடத்தில் அவர் நின்று நான் பார்த்ததே இல்லை.

"ரமா, பலகாரம்?"

"மாவு இருக்கு" என்றார் ரமா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கல்லும் அங்கேதான் இருக்கு."