ஹாம் வந்திறங்கிய செவ்வாய்க்கிழமை

எங்கள் ஊரில் வெண்ணெய் தடவிய பன்னுக்குள் ஹாம் என்கிற பன்றி இறைச்சியை வைத்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நாலு பேர் உட்கார்ந்து தின்றால்தான் ஒரு மனிதர் முறையாகச் செத்ததாக அர்த்தம். மினசோட்டாவின் லூத்தரன் கிறிஸ்தவர்கள் சொர்க்கம் பற்றிச் சந்தேகப்பட்டாலும் படுவார்கள், ஹாம் பற்றிப் படமாட்டார்கள்.

அந்த ஹாமை வரவழைப்பவள் டார்லா ஸ்கோக்லண்ட். மினியாபொலிஸில் ஒரு தானிய உணவுக் கம்பெனியில், அடுத்த மாதம் நாடு எவ்வளவு தின்னும் என்று கணித்துக்கொண்டிருந்தவள். விவாகரத்துக்குப் பிறகு ஊருக்கு வந்து, தம்பி டேலின் மளிகைக் கடையில் கொள்முதலைக் கையில் எடுத்தாள். அதுவரை டேலின் முறை எளிமையானது: பின்கதவில் நின்று வானத்தைப் பார்ப்பான், பிறகு வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வான். ரொட்டி பாதி குப்பைக்குப் போகும்.

டார்லா பழைய விற்பனையை எல்லாம் கணினியில் ஏற்றினாள். கூடவே பனிப்பொழிவு, பள்ளிக்கூட ஃபுட்பால் ஆட்டம், மான் வேட்டை தொடங்கும் வாரம். குப்பைத்தொட்டி இளைத்தது. டேல் வாழ்க்கையில் முதல்முறையாக அரிசோனாவுக்கு விடுமுறை போனான்.

ஹாம் மட்டும் அடங்கவில்லை. சும்மா கிடக்கும், திடீரென்று எகிறும். ஏதோ பதிவுப் பிழை என்று அந்த எகிறல்களை டார்லா அழித்துவிட்டாள். அந்த மாதம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் டூனா மீன் சாண்ட்விச்சோடு வழியனுப்பப்பட்டார். அவர் குடும்பம் இன்னும் அதைப் பேசுகிறது.

ஒவ்வொரு எகிறலும் ஒரு சாவு என்று டார்லாவுக்கு அப்போதுதான் புரிந்தது. மரண அறிவிப்பைப் பார்த்து ஹாமுக்கு ஆர்டர் சொல்லலாம்தான். ஆனால் சரக்கு லாரி செவ்வாய்க்கிழமை மட்டுமே வரும். முன்கூட்டித் தெரிய வேண்டும். ஒரு ஞாயிறு வழிபாட்டில் அவளுக்கு விடை கிடைத்தது. நோயாளிகளின் பெயர்களைச் சொல்லிப் பாதிரியார் ஜெபித்துக்கொண்டிருந்தார். எந்தப் பெயர் எத்தனை வாரம் வருகிறது, எப்போது “குணமாக்கும்” என்பது போய் “சமாதானம் தாரும்” என்று மாறுகிறது என்பதை டார்லா கவனிக்கத் தொடங்கினாள். கடவுளுக்குப் போன விண்ணப்பம் கணினிக்கும் போனது. கடவுள் என்ன செய்தாரோ, கணினி உடனே பதில் சொன்னது. ஹாம் அடங்கிவிட்டது.

இந்த ரகசியத்தை டார்லா சொன்னது வெண்டெல் ப்ரெக்கேயிடம் மட்டும்; அவர் சொன்னது தன் மனைவி ஆர்லிஸிடம் மட்டும். வெண்டெல் பனி அள்ளும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர். தினமும் காலையில் கடை ஜன்னலோர மேஜையில் காபியோடு உட்கார்ந்து டார்லாவைச் சீண்டுவது அவர் வேலை.

“உன் கம்ப்யூட்டர் இன்னைக்கு நான் எத்தனை டோனட் தின்னுவேன்னு சொல்லுது?”

“ரெண்டு.”

“அப்ப மூணு குடும்மா. அதோட திமிரைக் கொஞ்சம் குறைப்போம்.”

குளிர்காலத்தில் வெண்டெலின் பெயரும் ஜெபத்தில் வந்தது. கணையத்தில் புற்றுநோய். சிகிச்சை நன்றாகப் போகிறது என்று ஆர்லிஸ் எல்லாரிடமும் சொன்னாள். ஜனவரியில் ஒரு ஞாயிறு, பாதிரியாரின் வார்த்தை மாறியது. டார்லா வீட்டுக்குப் போய் கணினியில் ஹாமுக்கான எண்ணைத் தட்டினாள். பழக்கம்.

செவ்வாய்க்கிழமை பின்கதவு உறைந்து திறக்கவில்லை. லாரிக்காரன் ஹாம் பெட்டிகளை முன்வாசல் வழியாக, ஜன்னலோர மேஜையைத் தாண்டி உருட்டிக்கொண்டு வந்தான். ஊரில் யாரும் சாகவில்லை.

வெண்டெல் காபியைக் கீழே வைத்தார். “இதெல்லாம் யாருக்கும்மா?”

டார்லாவுக்குப் பொய் வராது. “ஈஸ்டருக்கு.”

“ஜனவரியிலயா?” அவர் சிரித்தார். “பன்னு மெத்துனு வாங்கு. போன தடவை பல்லு போயிடும் போல இருந்துச்சு.”

பில் போடும் இடத்தில் ஆர்லிஸ் நின்றிருந்தாள். கையில் தூண்டில் நரம்புச் சுருள். மே மாத மீன்பிடிப்புக்கு அவருக்காக எடுத்தது. பெட்டிகளைப் பார்த்தாள். டார்லாவைப் பார்த்தாள். சுருளை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் மாட்டினாள்.

“வாங்க வெண்டெல், வீட்டுக்குப் போலாம்.”

பிறகு அவர் காபிக்கு வரவில்லை. கணிப்பு சொன்ன வாரத்திலேயே போனார். தேவாலயப் பெண்கள் கடைக்கு வரவில்லை. ஆர்லிஸ் கேட்டுக்கொண்டபடி பக்கத்து ஊருக்கு வண்டி எடுத்துக்கொண்டு போய் ஹாம் வாங்கினார்கள். டார்லாவும் கீழ்த்தளத்தில் ஓரமாக உட்கார்ந்து அந்த சாண்ட்விச்சைத் தின்றாள். பன் கல்லாக இருந்தது. வெண்டெல் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். கடையின் குளிர்ப்பெட்டியில் அவர் பங்கு ஹாம் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தது.

இப்போதும் பால், முட்டை, ரொட்டி எல்லாம் டார்லா சொன்னபடியே விற்கின்றன. ஹாம் மட்டும் எப்போதும் போதவில்லை.

“என்னக்கா, மறுபடி கம்மியா போச்சு?” என்கிறான் டேல்.

“கணிப்பு தப்பிடுச்சுடா.”

அவள் ஞாயிறுதோறும் வழிபாட்டுக்கு வருகிறாள். பாதிரியார் பெயர்களைப் படிக்கத் தொடங்கும்போது எழுந்து, காபி போதுமா என்று பார்க்கக் கீழே போய்விடுகிறாள். ஆர்லிஸ் திரும்பிப் பார்ப்பதில்லை.