முனிக்கு ஏது கூப்பன் அரிசி?

மரியநாயகிக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடமே "ஏன் அப்பிடி?" என்று கேட்டு, முழுநாள் வேலைக்கு அரைநாள் கூலியான அரைப்பேர் வாங்கிக்கொண்டு வந்தவள். மாதா கோயிலில் சுவாமியாரையும் விடமாட்டாள். அந்த மனுஷர் பாவம், "பூசை முடியட்டும் மகளே" என்று நழுவிவிடுவார். கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் அதை விழுங்க அவளுக்குத் தெரியாது. சின்ன வயதில் படிப்பை நிறுத்தி, கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிவிட்டபோதும் ஏன் என்றுதான் கேட்டாள். அதற்கு மட்டும் இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

டயகம ஊருக்கு இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் வியாகுலம் தங்கமான மனுஷன். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலையில் அவன் கை படாத மலை கிடையாது. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். இந்த வாய்க்கு அந்த மௌனம் சரியாய்ப் போயிற்று என்று லயத்து வரிசை வீடுகளில் கேலி செய்வார்கள். ஒரே மகள் பவுலின்.

ஐம்பத்தெட்டாம் வருஷக் கடைசியில் பவுலின் ஐந்தாம் வகுப்பை முடித்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடம் அதோடு சரி. அதற்கு மேல் என்றால் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் போய் நின்று பேர் பதிய வேண்டியதுதான். அந்த நேரத்தில் அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார், யாழ்ப்பாணத்துத் துரைராசா மாஸ்டர், லயத்துக்கே வந்துவிட்டார்.

"பிள்ளை நல்லாப் படிக்கிறாள். இதோட நிப்பாட்டிப் போடாதேங்கோ. மலைக்கு அங்கால இருக்கிற மிஷன் பள்ளிக்கூடத்தில தை மாசம் சேர்த்துவிடுங்கோ. பிந்தினால் இடம் கிடையாது, சொல்லிப்போட்டன்."

சேர்க்கலாம், பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவது? மாட்டுவண்டி போகும் கரத்தை ரோட்டால் சுற்றினால் பிள்ளை விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பிறகுதான் வீடு திரும்பும். மலைக்காட்டுக்குள் ஏறி இறங்கும் குறுக்குப் பாதை இருக்கிறது. ஆனால் அந்தப் பாதையில் யாரும் கால் வைப்பதில்லை. ஏனென்றால் அங்கே சோறு மணக்கும்.

ஆமாம், சோறுதான். உச்சிக்குச் சற்றுக் கீழே, ஆளும் அடுப்பும் இல்லாத அந்தக் காட்டில், ரம்பை இலை போட்டு வடித்த சம்பாச் சோற்று வாசனை குப்பென்று அடிக்கும். முனி உலை வைத்திருக்கிறது என்றார்கள் மாரியம்மனைக் கும்பிட்டவர்கள். சாத்தான் ஆசை காட்டுகிறான் என்றார்கள் வேதக்காரர்கள். சாமி விஷயத்தில் ஒருநாளும் ஒத்துப்போகாத லயம் பேய் விஷயத்தில் அப்படி ஒத்துப்போயிருந்தது! வாசனையைத் தொடர்ந்து போனவன் திரும்பி வரமாட்டான் என்பதிலும் இரண்டு பக்கமும் ஒரே பேச்சு. மாதக் கடைசியில் ரொட்டியைத் தேயிலைச் சாயத்தில் தொட்டு ஓட்டுகிற சனத்துக்குச் சோற்று வாசனையைவிட வேறு எதைக் காட்டி ஆசை மூட்டுவது?

"புள்ளைய முனிக்குப் பலி குடுக்கப் போறியா?" என்றாள் ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பிரா வீரம்மா.

"ஏக்கா, எனக்கு ஒண்ணு சொல்லுங்க. முனி தெனமும் சம்பாச் சோறு ஆக்குதுன்னா, அதுக்கு எந்தக் கூப்பன்ல அரிசி குடுக்குறாங்க? நமக்குப் புழுத்த அரிசியே பத்தல!"

வீரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வியாகுலம் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது. "அந்தப் பாதை வேணாம், மரியா. படிப்பு இல்லாட்டி என்ன, உசுரு இருக்கட்டும்" என்றான். அவ்வளவு நீளமாக அவன் பேசியதே அபூர்வம். மரியநாயகி அன்று வாயை மூடிக்கொண்டாள். வாயைத்தான் மூடினாள்.

தை பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் விறகுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். ஒரு கையில் செபமாலை, மறு கையில் கவ்வாத்துக் கத்தி. மாதாவுக்குக் கைகொடுக்கக் கத்தியும் இருக்கட்டுமே என்று நினைத்தாள். தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் பனிமூட்டம் கண்ணை மறைத்தது. பாசி பிடித்த மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அருள் நிறைந்த மரியே என்று தொடங்குவாள், பாதியில் மறந்து போகும், மறுபடி தொடங்குவாள். கேலி பேசிய வாய் உலர்ந்து போயிற்று.

வந்தது வாசனை. ஐயோ, சோறேதான்! பயத்திலும் அவளுக்கு வாய் ஊறியது. அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வெட்கம். கால் திரும்பு திரும்பு என்றது. திரும்பினால் பவுலினின் முதுகில் கூடை ஏறிவிடும். அங்கேயே நின்று, "யாருடா அது, தைரியம் இருந்தா வா!" என்று கத்தினாள்.

மேலே இலை சலசலத்தது. காட்டு நாவல் மரக் கிளையில் பழுப்பாய் நீண்ட உடம்பு, அதற்கு ஈடாக நீண்ட வால். ஒரு மரநாய்! வாயில் பழத்தோடு, யார் இந்தக் கத்துகிறவள் என்பதுபோல் எட்டிப் பார்த்தது. பின்னாலேயே பூனைக்குட்டி அளவில் இரண்டு குட்டிகள். தாய் பின்புறத்தைக் கிளையில் தேய்த்துவிட்டு நகர்ந்தது. அடுத்த நொடி சம்பாச் சோற்று வாசனை மூக்கைத் துளைத்தது. மரியநாயகி அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள்.

லயத்தில் வந்து சொன்னால் யார் நம்புகிறார்கள்? மரநாய் கோழி பிடிக்கும், சோறு மணக்குமா என்றார்கள். "முனிதான்டி மரநாய் வேஷம் போட்டு வந்திருக்கு" என்று அடித்துச் சொன்னாள் வீரம்மா. வியாகுலம் மட்டும் மூலையில் குந்தியிருந்தான். இரவு சாப்பிடவும் இல்லை.

"என்னங்க, நாளைக்குப் புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீங்களும் வந்தா நல்லாருக்கும்" என்றாள்.

மறுநாள் வியாகுலம் பெரட்டுக்குப் போகவில்லை. துவைத்த சட்டை போட்ட பவுலின் முன்னால் துள்ளிக்கொண்டு ஏற, அவன் கடைசியாக வந்தான். வாசனை வந்ததும் மரியநாயகியின் கையை எட்டிப் பிடித்தான்.

"ஏங்க, மேல பாருங்க."

பார்த்தான். குட்டிகள் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டிருந்தன. "அம்மா, அதுங்க மூஞ்சியே கழுவல" என்றாள் பவுலின். வியாகுலம் கல்லில் உட்கார்ந்தான். மெல்ல அழத் தொடங்கினான்.

"எங்கப்பாவும் என்னைய அந்த மிஷன் பள்ளிக்கூடத்துலதான் சேத்தாரு, மரியா. மொத நாளு இங்கன வாரப்ப இந்த வாசம் வந்துச்சு. சிலேட்டப் போட்டுட்டு ஓடுனேன். காச்சல்ல கெடந்தேன். அப்பறம் யாரு சொல்லியும் போகல. வெக்கத்துல ஒங்கிட்டக்கூடச் சொல்லல." மூக்கைச் சிந்தினான். "இந்தக் கழுதைக்குப் பயந்துக்கிட்டா நான் கவ்வாத்துக் கத்தி புடிச்சேன்?"

இத்தனை வருஷம் ஒரே காம்பிராவில் இருந்தும் நீங்க ஏன் படிக்கல என்ற அந்த ஒரு கேள்வியைத்தான் வாய்நீளக்காரி கேட்காமல் விட்டிருந்தாள். அவனைக் கைபிடித்து எழுப்பினாள். பாதையின் அடுத்த முடக்கு வளைவைத் தாண்டினார்கள்; காடு அத்தோடு முடிந்துவிட்டது. கீழே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை வெயிலில் மின்னியது. முற்றத்தில் பிள்ளைகள் வரிசையாக நிற்பதுகூடத் தெரிந்தது.

வியாகுலம் திரும்பி நாவல் மரத்தைப் பார்த்தான். மறுபடி கூரையைப் பார்த்தான்.

"இவ்வளவு கிட்டத்துலயா இருந்துச்சு?" என்றான்.

பவுலின் அதற்குள் பாதி இறக்கம் இறங்கியிருந்தாள்.